ஹானா சாலையில் அப்பா கேட்ட கேள்வி

ஹவாயின் மாவித் தீவில் உள்ள ஹானா சாலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வளைவுகளையும் பாலங்களையும் எண்ணிச் சொல்வது வழக்கம். ஏறத்தாழ 620 வளைவுகள், 59 பாலங்கள், அவற்றுள் 46 பாலங்களில் ஒரே நேரத்தில் ஒரு வண்டிதான் செல்ல முடியும். சென்ற செப்டம்பரில் அப்பாவை அழைத்துக்கொண்டு அந்தச் சாலைக்குப் புறப்பட்டபோது நானும் இந்த எண்களை மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். அன்று இரவு அறைக்குத் திரும்பிய பிறகு அவற்றில் எதுவும் என் நினைவில் பெரிதாக நிற்கவில்லை. அப்பா காலையில் கேட்ட ஒரு கேள்வியும், அதற்கு விடை தேடிக்கொண்டே தீவின் கிழக்குப் பாதியை நாங்கள் ஒரு சுற்றுச் சுற்றி வந்ததும்தான் நின்றன.

அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாசனப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அங்கே தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்ப்பவர். நானே காரை ஓட்டிச் செல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தச் சாலையில் ஓட்டுபவருக்குச் சாலையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னதாலும், எந்த இடத்தில் நிறுத்தலாம், எது தனியார் நிலம் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது என்பதாலும், வழிகாட்டியோடு போகும் சிறிய வேனில் இரண்டு இடங்களைப் பதிவு செய்தேன். அது நல்ல முடிவு. எங்களோடு வேனில் இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள். வழிகாட்டியாகவும் ஓட்டுநராகவும் வந்தவர் ஐம்பது வயதைக் கடந்த உள்ளூர்க்காரர். அவருடைய தாய்வழி உறவினர்கள் அந்தக் கடற்கரையில் இன்றும் விவசாயம் செய்கிறார்கள். வேனில் ஏறியதுமே அப்பாவை அவர் "அங்கிள்" என்று அழைத்தார். வயதில் மூத்தவர்களை, உறவு ஏதும் இல்லாவிட்டாலும், அங்கிள், ஆன்ட்டி என்று அழைப்பது ஹவாய் வழக்கம். அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

காலை ஆறரை மணிக்குக் கிஹேயிலிருந்து கிளம்பினோம். பாயியா என்ற பழைய கரும்புத் தோட்ட ஊரையும், கடலாமைகள் கரையேறிப் படுத்திருக்கும் ஹோகிபா கடற்கரையையும் விரைவாகக் கடந்தோம். அதற்கு அடுத்து மாலிகோ என்ற ஆழமான பள்ளத்தாக்கில் சாலை இறங்கி ஏறுகிறது. இன்னும் சில மைல் தொலைவில் 36-ஆம் எண் நெடுஞ்சாலை 360-ஆக மாறுகிறது. மைல்கற்களும் அங்கே மறுபடியும் சுழியிலிருந்து தொடங்குகின்றன. தீவின் வடகரையில் உள்ள கஹுலுயி நகரிலிருந்து ஹானா ஊர் 52 மைல்தான், அதாவது சுமார் 84 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் போனாலும் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும் என்பதிலிருந்தே சாலை எப்படிப்பட்டது என்று ஊகித்துக்கொள்ளலாம். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் ஹலேயாகலா எரிமலையின் ஈரச் சரிவு, இரண்டுக்கும் நடுவே மலையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் புகுந்து புகுந்து வெளியே வரும் ஒரு ரிப்பன் போன்ற சாலை. ஒவ்வொரு மடிப்பின் உள்மூலையிலும் ஓர் ஓடை, ஓடைமேல் ஒரு பாலம்.

மூன்றாவது பாலத்தையோ நான்காவது பாலத்தையோ கடக்கும்போதுதான் அப்பா என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். "ஏம்மா, ஓடை இவ்வளவு அகலமாக இருக்கிறது, பாறையெல்லாம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, தண்ணீர் மட்டும் கணுக்கால் அளவுக்குக்கூட இல்லையே? மேலே எங்காவது அணை கட்டியிருக்கிறார்களா?"

நான் அதை வழிகாட்டியிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. எதிரே வந்த நான்கு வண்டிகளுக்கு வழிவிட்டு, கையசைத்து, பாலத்தைத் தாண்டிய பிறகு கண்ணாடியில் அப்பாவைப் பார்த்து, "அங்கிள், பத்து ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன், அருவி எங்கே என்று எல்லோரும் கேட்பார்கள், அருவியில் ஏன் தண்ணீர் குறைவு என்று கேட்டவர்கள் மிகச் சிலர்" என்றார். அதன்பிறகு அன்றைய பயணத்தில் அவர் சொன்னதெல்லாம் அப்பாவுக்காகவே சொன்னது போலத்தான் இருந்தது. மற்றப் பயணிகளும் சலிப்படையாமல் காது கொடுத்துக் கேட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

செய்தி இதுதான். வடகிழக்கிலிருந்து ஆண்டு முழுவதும் வீசும் வியாபாரக் காற்று 3,055 மீட்டர் உயரமுள்ள ஹலேயாகலாவில் மோதி, கிழக்குச் சரிவில் மழையாகப் பொழிகிறது. மேலே பிக் பாக் என்ற சதுப்புப் பகுதியில் ஆண்டுக்குப் பத்தாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதே தீவின் தெற்குக் கரையில், நாங்கள் தங்கியிருந்த கிஹேயில், 300 மில்லிமீட்டர்கூடத் தேறுவதில்லை. தீவின் நடுவில் இருக்கும் சமவெளியோ கரும்புக்கு ஏற்ற மண்ணைக் கொண்டது, ஆனால் வறண்டது. 1876-இல் ஹவாய்ச் சர்க்கரை அமெரிக்காவுக்குள் வரியின்றி நுழைய வழிவகுத்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததும், கிழக்கு மலையின் தண்ணீரை நடுச் சமவெளிக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம் தோட்ட முதலாளிகளுக்கு வந்தது. சாமுவேல் அலெக்சாண்டர், ஹென்றி பால்ட்வின் என்ற இருவர் அப்போது ஹவாயை ஆண்ட மன்னர் கலாகவாவின் அரசிடமிருந்து அனுமதி பெற்று, 17 மைல் நீள வாய்க்காலை இரண்டே ஆண்டுகளில் வெட்டி முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வேலையைத் தொடங்கினார்கள்.

நாங்கள் கடந்துவந்த மாலிகோப் பள்ளத்தாக்கில்தான் அந்த வேலை நின்றுபோகும் நிலைக்கு வந்திருக்கிறது. குழாய் பதிப்பதற்குச் செங்குத்தான பாறையில் கயிற்றைப் பிடித்து இறங்க வேண்டியிருந்தது, தொழிலாளர்கள் மறுத்துவிட்டார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஆலை இயந்திரத்தில் சிக்கி வலக்கையை இழந்திருந்த பால்ட்வின், கால்களாலும் ஒற்றைக் கையாலும் கயிற்றைப் பற்றிக்கொண்டு இறங்கிக் காட்டினார், பிறகு மற்றவர்களும் இறங்கினார்கள் என்பது அந்தத் தீவில் இன்றும் சொல்லப்படும் வரலாறு. அப்பா இதைக் கேட்டு நெகிழ்ந்துபோனார். கட்டுமான வேலையில் வாழ்ந்தவருக்கு அந்த மனிதரின் துணிவு புரியாமல் இருக்காது. ஆனால் அடுத்த நிமிடமே, "தண்ணீரை வாய்க்காலில் திருப்பினால் கீழே இருப்பவர்களுக்கு என்ன மிச்சம் வைத்தார்கள் என்று கேள்" என்றார். அதற்கான பதிலை வழிகாட்டி கெயானாயே என்ற ஊர் வரையில் ஒத்திவைத்தார்.

காலப்போக்கில் ஒரு வாய்க்கால் பலவாகி, சுரங்கங்களும் சேர்த்து மொத்தம் 74 மைல் நீளத்துக்கு விரிந்தது. முழுக் கொள்ளளவில் ஓடினால் நாளொன்றுக்கு 45 கோடி கேலன் தண்ணீரை அது எடுத்துச் செல்லும். மலையின் குறுக்கே கிட்டத்தட்டக் கிடையாக ஓடும் அந்த வாய்க்கால், வழியில் குறுக்கிடும் ஒவ்வோர் ஓடையிலிருந்தும் நீரை வாங்கிக்கொள்கிறது. சாலையோரத்தில் ஓரிடத்தில் அதன் ஒரு பகுதி வெளியே தெரிந்தது: பாசி படிந்த கல்சுவர், கம்பிச் சட்டம் போட்ட வாய், அதற்குள் சத்தமில்லாமல் வேகமாக நழுவும் கறுத்த நீர். வேனில் இருந்தவர்கள் சாலையின் மறுபக்கம் இருந்த வானவில் யூக்கலிப்டஸ் மரங்களின் பச்சையும் ஆரஞ்சும் கலந்த பட்டையைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா இந்தப் பக்கம் நின்று, அந்தக் காலத்தில் இவ்வளவு நுட்பமாகச் சரிவு கணக்கிட்டிருக்கிறார்களே என்று வியந்துகொண்டிருந்தார்.

சாலையே அந்த வாய்க்காலுக்குப் பின்னால் வந்ததுதான். வாய்க்காலைக் கட்டவும் பராமரிக்கவும் மலையில் வெட்டிய தடங்கள் முதலில். வண்டிப் பாதை பிறகு. பெரும்பகுதி கைதிகளின் உழைப்பில், மண்வெட்டியும் வெடிமருந்தும் கொண்டு அமைக்கப்பட்டு, 1926 டிசம்பரில் ஹானா வரை வண்டிகள் போகத் தொடங்கின. அதற்கெல்லாம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, பீயிலானி என்ற தலைவரின் வம்சத்தார் மாவியை முழுவதுமாகச் சுற்றிக் கல்பாவிய நடைபாதை ஒன்றை அமைத்திருந்தார்கள். அதன் சில துண்டுகள் இன்னும் இருக்கின்றன. இப்போதைய பாலங்களில் பலவும் நூறு வயதை நெருங்குபவை. இந்தச் சாலை 2001-இல் அமெரிக்காவின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. பாலங்களை அகலப்படுத்தாமல் வைத்திருப்பதால் தாமதம்தான். ஆனால் அந்தத் தாமதமே மனிதர்களுக்கு மரியாதை கற்றுக்கொடுக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஒரு பக்கத்திலிருந்து ஐந்தாறு வண்டிகள் போனதும் அடுத்தது தானாக நின்று எதிர்ப்பக்கத்துக்கு வழிவிடுகிறது. பின்னால் உள்ளூர்க்காரர் வந்தால் ஒதுங்கி அவரை முன்னே விட வேண்டும். அவர் வேலைக்கோ மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ போய்க்கொண்டிருப்பார். கண்ட இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அருவிக்கு ஓடுபவர்களுக்கு வழக்கமான அபராதத்தின்மேல் 200 டாலர் கூடுதலாக விதிக்கிறார்கள். அது நியாயம்தான்.

கெயானாயே என்பது மலையிலிருந்து வழிந்த எரிமலைக் குழம்பு கடலுக்குள் நீண்டு உறைந்ததால் உண்டான தட்டையான நிலம். அங்கே மண்ணே இருக்கவில்லை என்றும், பழங்காலத் தலைவர் ஒருவர் தம் மக்களைக் கொண்டு மேலிருந்து கூடை கூடையாக மண்ணைச் சுமந்துவரச் செய்து கரும்பாறைமேல் வயல்களை உண்டாக்கினார் என்றும் அவர்களுடைய மரபுக் கதை சொல்கிறது. சாலையிலிருந்து விலகி அந்த நிலத்துக்குள் இறங்கியபோது, அலைகள் கரும்பாறையில் மோதி வெள்ளையாகச் சிதறும் கரைக்கு மிக அருகிலேயே, நீர் தேங்கிய சதுரப் பாத்திகளில் வரிசை வரிசையாக நின்ற இலைகளைப் பார்த்து அப்பா குழந்தை போல மகிழ்ந்தார். "சேப்பங்கிழங்கு!" என்றார். ஹவாய் மொழியில் அதற்குக் கலோ என்று பெயர். கிழங்கை வேகவைத்து இடித்துக் குழைத்துப் போயி என்ற உணவைச் செய்கிறார்கள்.

அவர்களுக்கு அது வெறும் கிழங்கு இல்லை. வானத் தந்தையான வாகேயாவின் முதல் ஆண் குழந்தை உயிரின்றிப் பிறந்ததாகவும், அதைப் புதைத்த இடத்தில் முதல் கலோச் செடி முளைத்ததாகவும், அடுத்துப் பிறந்த ஹாலோவா என்ற மகனே மனிதர்களின் மூதாதை என்றும் அவர்கள் நம்புகிறார்கள். அப்படியானால் கலோ மனிதனுக்கு அண்ணன். அண்ணன் தம்பிக்குச் சோறு போடுகிறான். தம்பி அண்ணனைப் பேண வேண்டும். வழிகாட்டி இதைச் சொல்லும்போது அவருடைய குரல் தாழ்ந்தது, நானும் மொழிபெயர்ப்பதைச் சற்று நிறுத்திவிட்டேன்.

அப்பாவின் கேள்விக்கு விடை அங்கேதான் கிடைத்தது. கலோவுக்குத் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. அது குளிர்ந்து ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மேலே ஓடையை வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டால் கீழே வந்துசேரும் கொஞ்சநஞ்ச நீரும் பாத்தியில் தேங்கிச் சூடாகி, கிழங்கு அழுகிவிடும். அப்படித்தான் பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிர்செய்த பாத்திகளைக் கைவிட நேர்ந்தது. தண்ணீர் எல்லாருக்கும் பொதுவான சொத்து, அதை அரசு காத்து நிற்க வேண்டும் என்று ஹவாய் மாநிலத்தின் அரசியலமைப்பில் 1978-இலேயே எழுதப்பட்டிருந்தும், 2001-இல் இந்தக் கரையின் விவசாயிகள் 27 ஓடைகளின் நீரைத் திருப்பித் தருமாறு மனுச் செய்த பிறகு தீர்வு கிடைக்க 17 ஆண்டுகள் ஆயின. 2016 டிசம்பரில் தீவின் கடைசிச் சர்க்கரை ஆலையே மூடப்பட்டது. 2018 ஜூனில்தான் மாநில நீர்வள ஆணையம் பத்து ஓடைகளை முழுமையாக அவற்றின் போக்கிலேயே விட வேண்டும் என்று உத்தரவிட்டது. சாலையின் தொடக்கத்தில் இருக்கும் ஓடைகளில் பல அந்த மனுக்களில் இடம்பெறவே இல்லை. நாங்கள் காலையில் பார்த்த வறண்ட பாறைகளுக்கு அதுவே காரணம்.

அப்பா உரிமையாளரிடம் அனுமதி கேட்கச் சொல்லி, பிறகு வரப்பின்மேல் குந்தி உட்கார்ந்து, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நீர் இறங்கும் மடைவாயில் கையை வைத்துப் பார்த்தார். "நன்றாகக் குளிர்ந்திருக்கிறது" என்றார். அந்தப் பாத்திகளின் சொந்தக்காரரான மூதாட்டி அதைக் கேட்டு அர்த்தம் புரிந்ததுபோல் தலையசைத்தார். மொழி தெரியாத இருவர் ஒரு மடைக்கு இருபுறமும் நின்று பேசிக்கொள்ளாமல் பேசியதைப் பார்த்தபோது, இந்தப் பயணத்துக்கு அப்பாவை அழைத்து வந்தது எவ்வளவு சரி என்று உணர்ந்தேன்.

அருகிலேயே 1860-இல் எரிமலைக் கல்லாலும் பவளச் சுண்ணாம்பாலும் கட்டிய சிறிய தேவாலயம் இருக்கிறது. 1946 ஏப்ரல் 1 அன்று வந்த ஆழிப்பேரலை ஊரை அழித்தபோது அது மட்டும் நிலைத்தது. அதன் திண்ணையில் அமர்ந்துதான் வாழைப்பழ ரொட்டி சாப்பிட்டோம்.

அங்கிருந்து மேலே போகப்போக ஓடைகளில் தண்ணீர் மிகுந்தது. வேனில் வழிகாட்டி மூன்று சொற்களைச் சொல்லிக்கொடுத்தார். வை என்றால் நன்னீர். வைவை என்றால் செல்வம். கானாவை என்றால் சட்டம். நீரைப் பங்கிடும் முறையிலிருந்தே சட்டம் என்ற கருத்துக்குப் பெயர் வந்தது என்பதைக் கேட்டு அப்பா அவற்றைத் தம் குறிப்பேட்டில் தமிழில் எழுதிக்கொண்டார். வழியில் வந்த ஊர்ப்பெயர்களிலும் ஓடைப்பெயர்களிலும் அந்த வை வந்துகொண்டே இருந்தது: வைலுவா, வைகானி, வையானாபநாபா. நீர் கடல்வரை தடையின்றிப் போவது ஓபு என்ற மீனுக்கும் உயிர்நாடி. நம் உளுவை மீனின் இனத்தைச் சேர்ந்த அது ஓடையில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் கடலுக்குப் போய், மாதக்கணக்கில் வாழ்ந்து, மீண்டும் ஓடைக்குத் திரும்பி, வயிற்றுப் பக்கம் உள்ள உறிஞ்சியால் பாறையைப் பற்றிக்கொண்டு அருவிமீதே ஏறுகின்றன. இடையில் ஓடை வறண்டு கிடந்தால் அவை எதைப் பற்றி ஏறும்?

வையானாபநாபாப் பூங்காவின் கரிய மணல் கடற்கரையை இந்தப் பயணத்தின் உச்சம் என்று பலர் சொல்வார்கள். கொதிக்கும் குழம்பு கடல்நீரைத் தொட்டுச் சிதறிப் பொடியானதே அந்த மணல். தாழை மரங்களின் பச்சை, மணலின் கறுப்பு, நுரையின் வெண்மை, அதற்கு அப்பால் கடலின் நீலம் என்று நான்கு நிறங்களும் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும் அந்தக் காட்சியில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். 2021 மார்ச்சிலிருந்து வெளிமாநிலத்தவர் முன்பதிவு செய்யாமல் உள்ளே போக முடியாது. ஆளுக்கு 5 டாலர், காருக்கு 10 டாலர். கூட்டம் கட்டுக்குள் இருந்ததற்கு அதுவே காரணம். மற்ற இடங்களிலும் இப்படிச் செய்யலாம்.

ஹானா ஊர் அமைதியானது, ஆயிரத்தைந்நூறு பேர் அளவில் வாழ்வது; அங்கே மதிய உணவுக்கு மட்டும் நின்றோம். அதைத் தாண்டி, ஹலேயாகலா தேசியப் பூங்காவின் கீபஹூலுப் பகுதியில் ஓஹேயோ ஓடை படிப்படியாகக் குளங்களாக இறங்கிக் கடலில் சேர்கிறது. "ஏழு புனிதக் குளங்கள்" என்பது சுற்றுலாவுக்காகச் சூட்டிய பெயர். குளங்கள் ஏழுக்கு மேல், பழைய மரபில் அவற்றுக்கு அப்படியொரு பெயரும் இல்லை. நாங்கள் போன அன்று நீந்த அனுமதியில்லை. மலையில் பெய்யும் மழை கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளமாக வந்துவிடும் என்பதால் அந்தத் தடையை யாரும் மீறக் கூடாது. அப்பாவுக்கு நீந்துவதில் ஆசையில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மலையில் தொடங்கிக் கடலில் முடியும் ஓடை ஒன்றை இன்று முழுதாகப் பார்த்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார்.

வந்த வழியே திரும்பாமல் வேன் தீவின் தெற்கைச் சுற்றிப் போயிற்று. சில மைல்களுக்குள்ளேயே காடு முடிந்து, காவுபோ என்ற இடத்தில் காய்ந்த புல்லும் கறுத்த பாறையும் தொடங்கின. தார் பெயர்ந்து, சில இடங்களில் மண்பாதையாகவே இருந்த சாலையில் எல்லோரும் கண்ணயர்ந்துவிட்டார்கள். மழையெல்லாம் மறுபக்கத்திலேயே கொட்டித் தீர்ந்துவிட, மலை இந்தப் பக்கத்துக்கு வெறும் காற்றை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது.

மாலை ஐந்து மணிக்குக் கூலா என்ற ஊரின் உயர்ந்த சரிவில் ஒரு பூங்கா அருகே நிறுத்தினார்கள். கீழே, இரண்டு மலைகளுக்கு நடுவே, ஒரு காலத்தில் 36,000 ஏக்கர் கரும்பு நின்ற சமவெளி முழுவதும் தெரிந்தது. சில பகுதிகளில் புதிதாக நட்ட மரங்களின் பச்சைக் கோடுகள். மற்றவை பழுப்பு நிறத்தில் கிடந்தன. இங்கேதான் அந்தத் தண்ணீர் வந்தது என்று வழிகாட்டி கையை நீட்டிக் காட்டினார். அப்பா நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, கரும்பு போன பிறகும் வாய்க்கால் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது, புதிய பயிர்களுக்கும் போகிறது, நாம் நிற்கும் இந்த மேட்டூர்களின் வீட்டுக் குழாய்களில் வருவதும் கிழக்கு மலையின் ஓடைகளிலிருந்து எடுத்த நீர்தான் என்றார் அவர். தம் அக்கா இங்கேதான் குடியிருப்பதாகவும், தம் சித்தி அங்கே கெயானாயேயில் கலோ பயிரிடுவதாகவும், இரண்டு வீட்டுக்கும் அதே தண்ணீர்தான் என்றும் சொன்னார்.

பூங்காவின் ஓரத்தில் குடிநீர்க் குழாய் ஒன்று இருந்தது. அப்பா அதன் கீழே கையைக் குவித்து ஒரு வாய் குடித்தார். இன்னொரு முறை பிடித்து, குடிக்காமல் உள்ளங்கையிலேயே சிறிது நேரம் வைத்திருந்தார். "காலையில் தொட்ட அளவுக்குக் குளிர்ச்சி இல்லை" என்று என்னிடம் சொல்லிவிட்டு, குழாயை இறுக்கி மூடினார்.